சீனிக்கு ஒரு பெட்டி

அந்தக் கடையைத் தாண்டிப் போய்விட்டு, தெருமுனையில் திரும்பி மறுபடியும் வந்துதான் அருண்பாண்டி வேனை நிறுத்தினான். நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. பழங்காநத்தத்து நெரிசல் ஹாரன் அடித்துக்கொண்டு அவனைச் சுற்றிப் போனது. கடை வாசலில் சவப்பெட்டிகள் சுவரில் சாய்ந்து நின்றன. ஓரத்தில் வெள்ளைத் துணி தைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அவன் கண் அதில்தான் போய் நின்றது.

அன்று காலை பரவையில் அவன் வீட்டு வாசலில் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தபோது சீனி அடிபட்டுச் செத்துப்போனது. மகள் பவதாரிணி பிறந்த வருடம் குட்டியாக வந்த நாய். மகளோ விடாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மனைவி முத்துமீனா அவளோடு இருந்தாள். இவன் நாயைக் கோணியில் சுற்றி வேப்பமரத்தடியில் கிடத்தி, பக்கத்து வீட்டு ராஜபாண்டியைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருந்தான்.

அவர்கள் பக்கத்தில் மனிதர்களுக்கே பெட்டி வாங்குவதில்லை. பாடையில் கொண்டுபோய்க் குழியில் இறக்குவதோடு சரி. ஆனால் போன வருடம் சீனியின் குட்டி ஒன்று செத்தபோது, கண்மாய்க்கரையில் புதைத்ததைத் தெருநாய்கள் தோண்டி இழுத்து வந்து வீதியில் போட்டுவிட்டன. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பவதாரிணி அதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் பல நாள் தூக்கத்தில் அலறினாள். கூடப் படிக்கிற பெண்ணின் வீட்டுச் சாவில் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தவள், "சீனி செத்தா பெட்டியில வெச்சு ஆணி அடிக்கணும்ப்பா. சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாள். அவனும் சிரித்துக்கொண்டே அவள் கையில் அடித்துக் கொடுத்தான்.

அந்தச் சத்தியம் இப்போது அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மகள் காய்ச்சலில் கிடக்கும்போது தகப்பன் போய்ப் பெட்டி வாங்கலாமா? வாசல்வரை வந்த சாவு ஒன்றோடு திரும்பிப் போகுமா? காலையிலிருந்து இதே நினைப்புதான்.

கடைக்காரி சுந்தரம்மாள் வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அங்கே வருகிறவர்களிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது அவள் பழக்கம்.

"எம்புட்டு வயசு தம்பி?"

"ஆறு."

அவள் முகம் வாடியது. "சாமி... உசரம் எம்புட்டு இருக்கும்? கையில காட்டுங்க, போதும்."

அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் அந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து, மூடியின் உட்புறம் சாக்பீஸால் 'ஆறு' என்று எழுதினாள். ஒருவருக்கென்று ஒதுக்கிய பெட்டியில் வயதை எழுதிவைப்பது அந்தக் கடை வழக்கம். எழுதிவிட்டால் வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

அப்போதுதான் அருண்பாண்டி தன் கை இன்னும் அந்தரத்தில் நிற்பதைக் கவனித்தான். இடுப்புக்கு மேலே நின்றது. சீனி அவன் முழங்காலைத் தாண்டியதில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் அந்தக் கை போய்ப் படிகிற தலையின் உயரம் அது. மகளின் உயரம்.

கையைச் சட்டென்று கீழே இழுத்துக்கொண்டான். சட்டைப்பையில் போன் அடித்தது. முத்துமீனா. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலாம்ல தம்பி?"

"அக்கா, நாய்க்குக்கா..." அவனுக்கு வாய் குழறியது. "நாய்க்குத்தான் கேட்டேன். எம்புள்ள ஆஸ்பத்திரியில உசுரோட இருக்கு. கை தப்பாக் காட்டிருச்சு. அழகரே, நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்!"

உள்ளே பலகை இழைத்துக்கொண்டிருந்த அவள் தம்பி நல்லகாமன் நிமிர்ந்தான். "நாய்க்குப் பெட்டியா? அடுத்து கோழிக்குக் கேப்பாய்ங்க."

"நீ வாய மூடுறா."

சுந்தரம்மாள் முந்தானையை நனைத்து மூடியிலிருந்த எழுத்தை அழுத்தித் துடைத்தாள். பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"கைய நீட்டுங்க."

விரல் நுனிவரை வழிய வழிய ஊற்றினாள். கடவுள் யார் கையால் நமக்குத் தண்ணீர் வார்ப்பார் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

"இப்பக் காட்டுங்க. பேரச் சொல்லிக் காட்டுங்க."

"சீனி." ஈரக் கையை முழங்காலருகே தாழ்த்தினான்.

"இத மட்டுந்தான் பாத்தேன். முன்னாடி எதையும் நீங்க காட்டல, நானும் பாக்கல. நாய்னு முதல்லயே சொல்ல வாய்க்கு என்ன கேடு, கிறுக்குத் தம்பி?"

"அப்ப அந்தப் பெட்டி?"

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு எழுதினத இன்னொருத்தருக்குக் குடுப்பனா? இவன் சொன்ன மாதிரி கோழிக்குத்தான். மூடியக் கழட்டி வைக்கோலப் போட்டா வீட்ல கோழி அடைக்கு உக்காரும். இப்ப பலகையப் பாருங்க. மாம்பலகை இருக்கு, வேப்பம்பலகை இருக்கு."

சீனி வெயில் நேரத்தில் படுத்துக் கிடப்பது வேப்பமரத்தடியில்தான். அவன் வேப்பம்பலகையைத் தொட்டான்.

"மனுசப் பெட்டி மாதிரி தோள் வெச்சு அறுக்காதடா" என்று அவள் தம்பியிடம் சொன்னாள். "தக்காளிப் பெட்டி மாதிரி இருக்கட்டும். ஆணிய மட்டும் நெருக்கி அடி. எந்த நாயும் பிரிக்கக் கூடாது."

அருண்பாண்டி போனை எடுத்து முத்துமீனாவைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

"முதல்ல புள்ளையப் போய்ப் பாருங்க" என்றாள் சுந்தரம்மாள். "பெட்டிய அங்க கொண்டு போக வேணாம். இவனே பரவைக்குக் கொண்டாந்துருவான்."

ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வார்டில் மகளின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அதன் முன்னால் நின்றான். திரையை விலக்கக் கை வரவில்லை.

உள்ளிருந்து முத்துமீனாவின் குரல் வந்தது. "யாரு அது? நீங்களா? போன எடுக்க மாட்டீகளா? புள்ள இட்லி கேட்டா, வாங்கிட்டு வரச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இப்ப உடம்பத் தொடச்சு கவுன மாத்திக்கிட்டிருக்கேன்."

அவன் உள்ளே போய் மகளின் நெற்றியில் கை வைத்தான். வேர்த்திருந்தது. நர்ஸ் இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றாளாம். இருக்கட்டும். இட்லி கேட்டிருக்கிறாள்.

பவதாரிணி கண்ணைத் திறந்தாள். "அப்பா, சீனி செத்துருச்சா? காலையில அம்மா போன்ல அழுதுச்சு."

முத்துமீனா அவனைப் பார்த்துத் தலையசைத்துத் தடுத்தாள். அவனுக்குப் பொய் வரவில்லை. "ஆமாடா."

அவள் உதடு கோணியது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "பெட்டி?"

"சொல்லிட்டு வந்துட்டேன். வேப்பம்பலகை."

"எம்புட்டு உசரம்?"

அருண்பாண்டிக்கு மறுபடியும் பயம் வந்தது. கட்டிலை விட்டு விலகி நின்றுகொண்டான். குனிந்து, இடது கையால் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழேயே வலது கையை வைத்துக் காட்டினான்.