வாய்க்காலில் முளைத்த சுரம்

கிளேர் மாவட்டத்து பேக்பைப் போட்டி. என் முறைக்கு முன்னால் அக்குளில் துருத்தியை அழுத்தி வாசித்துப் பார்த்தால், மேல் சுரம் சுருதி ஏறிப்போய்ப் பூனை மாதிரி கத்தியது. மண்டபத்துப் புழுக்கம் செய்த வேலை.

எனக்கு அடுத்து வாசிக்கவிருந்த டெக்லன் இளித்தான். "குழலுக்குப் புதுச் சீவாளி மாட்டித் தொலை ஓர்லா. என்னோடது போன வாரம்தான் மாத்துனேன்."

"வாயை மூடு!"

மழையில் வெளியே ஓடினேன். பின்பக்க வாய்க்காலில் ஒரு கோரைத்தண்டைப் பிடுங்கிக் குழலுக்குள் செருகினேன். உள்துளை கொஞ்சம் குறுகினால் சுருதி இறங்கிவிடும்.

"அது குழலா, மாட்டுத் தீனித் தொட்டியா?" என்றான் டெக்லன், நான் உள்ளே வந்ததும்.

மேடையேறினேன். மேல் சுரம் அடங்கி ஒடுங்கி, சொன்ன இடத்தில் நின்றது. கடைசிப் பாட்டுக்கு நடுவர்களே காலால் தாளம் போட்டார்கள். முடித்ததும் மண்டபம் எழுந்து நின்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆர்ப்பரித்தது.

அடுத்து டெக்லன். ஆரம்பித்ததுமே அவன் புதுச் சீவாளி வீறிட்டது. நடுவரிடம் கெஞ்சிவிட்டு வெளியே ஓடினான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பளபளக்கும் ஷூவோடு வாய்க்காலில் இறங்கியிருந்தான்.

"டெக்லன்! மாட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைடா!"