இரண்டாவது முயல்

முன்னாள் கணவன் வீட்டுக்கு முயல் வந்த நாளிலிருந்து பார்லர்காரிக்கு வயிறு எரிந்தது. வார நாட்களில் மகள் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்பது ஏற்பாடு. இப்போது அந்த இரண்டு நாளுக்காக மகள் வாரம் முழுக்கத் தவம் கிடந்தாள். முயலுக்குக் காய்ந்த புல்தான் சாப்பாடு, கேரட் எப்போதாவதுதான், காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, வயரைக் கண்டால் கடித்துவிடும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பாடம்தான்.

"முயலைக் காட்டிப் பிள்ளைய மயக்குறான்" என்று பார்லர்காரி பல்லைக் கடித்தாள்.

அந்த மனுஷனுக்கு வீட்டில் ஒரு முடி கிடக்கக் கூடாது. நாளெல்லாம் ஊரார் தலையை வெட்டிவிட்டு வருகிறவள் துணியில் முடி ஒட்டாமல் என்ன செய்யும்? குடித்தனம் நடத்திய காலத்தில் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போதே அவள் தோளிலிருந்து ஒன்றை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிக் காட்டுவான். "இவ சமைச்சதை எப்படி நம்பிச் சாப்பிடுறது?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் தட்டில் முடி விழுவதைப் பார்க்காமல் அவளுக்கு ஆறாது.

நேரே முயல் கடைக்குப் போனாள்.

"வீட்டுல இருக்கிறது பெட்டையா?" என்று கேட்டார் கடைக்காரர். "அப்ப இதையும் பெட்டையா எடுங்கம்மா. ஆணை விட்டா வீடு தாங்காது."

"ஆணையே குடுங்க."

மகளிடம், "இதுவும் பெட்டைதான். ஒண்ணு தனியா இருந்தா ஏங்கிப் போயிடுமாம்" என்றாள். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். கொஞ்சம் உறுத்தியது. அதை விழுங்கிவிட்டாள்.

அடுத்த மாதம் அவனிடமிருந்து போன் வந்தது.

"நீ குடுத்தனுப்பினது ஆணா? இங்க வந்து பாரு! பழைய பெட்டை தன் வயித்து முடியைப் பிச்சுப் பிச்சுக் கூடு கட்டிக் குட்டி போட்டிருக்கு. சோபாவுல முடி, சட்டையில முடி, காப்பியில முடி!"

"அய்யய்யோ, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று போனை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாற்காலியில் ஒரு புருவத்தோடு காத்திருந்த வாடிக்கையாளருக்கு மறுபுருவத்தை இலவசமாகவே திருத்திவிட்டாள்.

இனி நடப்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவன் பொறுக்கமாட்டான், அத்தனை முயலையும் கடையில் தள்ளிவிடுவான். மகள் அழுதுகொண்டே வந்து, "அப்பா மோசம்" என்பாள். அள்ளி அணைத்துக்கொள்ளக் கைகளைத் தயாராக வைத்திருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் மகள் வந்தாள். அழவில்லை. உடம்பெல்லாம் வெள்ளை முடி.

"அப்பா ஒண்ணைக்கூடக் குடுக்கப் போறதில்லையாம்மா. தினமும் அவரே கூட்டுறார். மூக்குல துணி கட்டிக்கிட்டு!"

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தனக்காக ஒரு முடியைப் பொறுக்காதவன்.

"ஸ்கூல் லீவு முழுக்க அங்கேயே இருக்கட்டுமா? குட்டிங்க இன்னும் கண்ணுகூடத் திறக்கல."

"அப்ப நான்?"

மகள் ஆசையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா முயல் ஒரு நாளைக்கு ஒருவாட்டியோ ரெண்டுவாட்டியோதான் வந்து பால் குடுக்கும். மத்த நேரம் தள்ளியேதான் இருக்கும். குட்டிங்க நல்லாத்தானே இருக்கு? நீயும் அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போம்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.