வெண்டிலேட்டரைச் சுற்றிய கறை

செல்லியைப் போல ஒரு சுவரைப் பார்க்கத் தெரிந்தவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சுண்ணாம்பு அடிக்க வந்தவள் அவள். வெள்ளையடிக்கும் மட்டையைத் தொடாமலே என் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், தை மாதக் கடைசி. பாகலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்பெரித் தோட்டம் இருந்தது. வீட்டிலேயே ஓர் அறையில் பட்டுப்பூச்சி வளர்த்தோம். அதற்கு அடுத்த அறை எனக்கும் என் மனைவி காவேரிக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவளுக்கு இருமல் வந்துவிட்டது. கார்த்திகையில் தொடங்கி மார்கழியில் முற்றியது. நாடி பார்த்த வைத்தியர் க்ஷயரோகமாக இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' மட்டும் என் அம்மா சரசம்மாவின் காதில் விழவே இல்லை. காவேரிக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு என்று ஆயிற்று. என் படுக்கை கூடத்துக்கு வந்தது.

அதே சமயம் அவள் அறையில், உயரத்தில் இருந்த வெண்டிலேட்டரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கறை படர்ந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தோம். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது.

"அவ மூச்சு பட்டுத்தான் சொவரு கறுக்குது" என்றாள் அம்மா. ஊரும் ஆமாம் போட்டது.

வெள்ளிக்கிழமை காவேரியின் அண்ணன் எல்லப்பன் ராயக்கோட்டையிலிருந்து வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. போனால் திரும்ப அழைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா ஏற்கெனவே தளிப் பக்கம் வேறொரு பெண்ணை விசாரித்திருந்தாள். நான் என்ன செய்தேன்? மல்பெரி இலை பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான்.

எல்லப்பன் கண்ணில் கறை படக் கூடாது என்று அம்மா வியாழக்கிழமை செல்லிக்கு ஆள் அனுப்பினாள். செல்லி வந்தாள், ஏணி போட்டு ஏறினாள், சுண்ணாம்பைக் கேட்கவில்லை. விரலால் கறையைத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள். இறங்கி வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"பூஞ்சையா இருந்தா ஈரமா வழுக்கும். வௌவாலு அண்டியிருந்தா நாறும். இது கரிங்கம்மா. உள்ளாரயிருந்து வெளிய போயிருக்குது."

"அந்த ரூம்புல அடுப்பு ஏதுடி?" என்றாள் அம்மா.

செல்லி காவேரியிடம் திரும்பினாள். "எப்பனாச்சும் இருமல் நின்னுதாம்மா?"

"பொங்கலப்ப பத்து நாளு நல்லா இருந்தேன்."

"அது மாரம்மாவுக்கு நா வேண்டிக்கிட்டதால" என்றாள் அம்மா.

"அப்ப பக்கத்து ரூம்புல பூச்சி இருந்துச்சுங்களா?"

இல்லை. முதல் பூச்சியெல்லாம் கூடு கட்டி முடித்திருந்தது. அறையைக் கழுவிக் காலியாகப் போட்டிருந்தோம். பொங்கல் கழிந்துதான் அடுத்த முட்டை வைத்தோம். அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அந்த வருஷம் குளிர் ரொம்பக் கடுமை. பூச்சி விறைத்துவிடக் கூடாது என்று அம்மா பூச்சி அறையின் வெண்டிலேட்டரில் சாக்கைத் திணித்துச் சாணி பூசி அடைத்திருந்தாள். உள்ளே இராப்பகலாக ஒரு நெருப்புச் சட்டி கனன்றுகொண்டிருக்கும். விறகடுப்புப் புகையிலேயே வளர்ந்த எங்கள் மூக்குக்கு அந்தக் கரிப்புகை தனியாகத் தெரியவில்லை.

செல்லி பூச்சி அறைக் கதவைப் பார்த்தாள். அம்மா போய் மறித்து நின்றாள். பூச்சி தின்னும் காலத்தில் அவளைத் தவிர வேறு யார் கண்ணும் அதன்மேல் படக் கூடாது. நான்கூட இலைக்கூடையை வாசலோடு வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

"நா உள்ள வரலீங்கம்மா" என்றாள் செல்லி. "நீங்களே போயி நெருப்புல ஒரு கிள்ளு சாம்பிராணி போடுங்க. வாசம் எங்க வருதுன்னு பாத்துருவோம்."

எவ்வளவு சுலபமான வழி! என் அம்மாவோடு ஒரு வார்த்தை மல்லுக்கு நிற்கவில்லை, அவள் கட்டுப்பாட்டையும் மீறவில்லை.

"வாசம் பூச்சிக்கு ஆவாது. அத்தனையும் செத்துப்போவும்" என்றாள் அம்மா.

உள்ளிருந்து காவேரி இருமினாள். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ! "பூச்சி செத்தா வேற முட்டை வெச்சுக்கலாம். போடும்மா."

அம்மா என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். பிறகு சாமி மாடத்திலிருந்து சாம்பிராணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நாங்கள் காவேரியின் அறையில் நின்றோம். ஓட்டுத்தூசி விழாமல் இருக்க இரண்டு அறைக்கும் மேலே ஒரே நீளமாக மூங்கில் பாய் கட்டியிருந்தோம். நடுச்சுவர் பாயோடு நின்றுவிட்டது; அதற்கு மேலே இரண்டு அறைக்கும் ஒரே வெளி. அந்தப் பாயின் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் புகை எட்டிப் பார்த்தது. கறையை ஒட்டியே நகர்ந்தது. பாதி வெண்டிலேட்டர் வழியாக வெளியே போயிற்று. மீதி மெதுவாகக் கீழே இறங்கிக் காவேரியின் தலையணைக்கு வந்தது. அறை முழுவதும் சாம்பிராணி மணத்தது.

அம்மா வந்து வாசலில் நின்றாள். மூச்சை இழுத்தாள். பாயைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். திரும்பிப் போய் நெருப்புச் சட்டியை வெளியே கொண்டுவந்து கவிழ்த்தாள். சாக்கை அவளே பிடுங்கினாள்.

"பூச்சிக்குக் குளிருமே அத்தே" என்றாள் காவேரி. அம்மா அப்போதுதான் அழுதாள்.

செல்லி சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாள். "இப்ப அடிச்சிரட்டுங்களா?"

"வேணாம் செல்லி" என்றாள் அம்மா. "அது அப்பிடியே இருக்கட்டும். நா பாக்கணும்."

சிவராத்திரிக்குள் காவேரியின் இருமல் அடியோடு நின்றது. ஆனால் அது தெரிவதற்கு முன்பே, மறுநாள் எல்லப்பன் வந்தபோது, அம்மா காவேரியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் தட்டிலேயே சோறு போட்டாள். எல்லப்பன் தங்கையின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"சொவுத்துல என்ன அத்தே அவ்ளோ கறை?"

"நா வெச்சதுப்பா" என்றாள் அம்மா.