செங்கம் ரோட்டில் நாங்கள் வைத்த கல்

முன்னாள் ராணுவத்தினர் நாங்கள் சிலர் ஆறு வருஷம் அலைந்து, செங்கம் ரோட்டு ஓரத்தில் ஆள் உயரக் கருங்கல் ஒன்றை நட்டோம். திருவண்ணாமலை வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத பதினோரு பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஏழாவது பெயர் அர்ஜுனன். பட்டாளத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன். லடாக்கில் பனிச்சரிவில் போய்விட்டான்.

அவன் மனைவி எல்லம்மாள் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டபோது, "கல்லுல பேரு போட்டா யாருண்ணே நின்னு படிக்கப்போறாங்க?" என்று கேட்டு, வர மறுத்துவிட்டாள். படிப்பார்கள் என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் சொன்னதுதான் நடந்தது. மூன்று மாதத்தில் ஒருத்தரும் படிக்கவில்லை.

அதைவிட மோசம், கும்பிட்டார்கள். கிரிவலப் பாதையில் நிமிர்ந்து நிற்கிற கல்லை நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? விபூதிப் பட்டை, குங்குமம், மாலை என்று பெயர்களெல்லாம் மறைந்துபோயின. 'இது சாமி அல்ல. இப்படிக்கு, ஹவில்தார் சக்கரபாணி' என்று பலகை எழுதி வைத்தேன். மறுநாள் பலகைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

போன பௌர்ணமியன்று விடிந்ததும் வாளியும் துணியுமாகக் காவலுக்குப் போனேன். கிரிவலம் வந்த கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் விலகி வந்து, கல்லுக்கு முன்னால் கற்பூரத்தை வைத்தார்.

"அது சாமி இல்லம்மா, எடுங்க" என்று அதட்டினேன். பரேடு மைதானத்தில் பழகிய குரல். அவர் அசரவில்லை.

"சாமி இல்லன்னா யாருங்க இவங்க?"

மூன்று மாதத்தில் முதல் கேள்வி. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. யாரென்று சொன்னேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீங்களே படிங்க" என்றார்.

கல்லைத் துடைத்து, "வேலாயுதம்" என்று முதல் பெயரைப் படித்தேன். அந்த அம்மாள் கையைத் தூக்கி, "வேலாயுதத்துக்கு" என்று குரல் கொடுத்தார். போய்க்கொண்டிருந்த கூட்டம் பழக்கதோஷத்தில் "அரோகரா" என்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் முப்பது பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த பெயர் என்ன என்று என் முகத்தையே பார்த்தார்கள். படிக்காமல் என்ன செய்வது?

ஆறாவது பெயர் முடிந்ததும், "ஒரு நிமிஷம் இருங்க" என்று எல்லம்மாளுக்கு போன் போட்டேன்.

"இன்னாண்ணே, காலங்காத்தால?"

போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினேன்.

"அர்ஜுனன், கீழ்பென்னாத்தூர்" என்று படித்தேன்.

"அர்ஜுனனுக்கு" என்றார் அந்த அம்மாள்.

அதற்குள் நூறு பேராவது சேர்ந்திருப்பார்கள். "அரோகரா" என்ற சத்தத்தில் எதிர்ப்பக்கம் ஆட்டோக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள்.

எல்லம்மாள் லைனில் இருக்கிறாளா என்று போனைக் காதில் வைத்தேன்.

"யாருண்ணே அவங்கல்லாம்?"

"தெரியலம்மா. நடந்து போறவங்க."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணே" என்றாள்.