கரையாத மண்

“என்னடி இது, அடுப்பா இல்ல யானைக்குட்டியா?” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

“யானைக்கு வாய் வெட்டணும்க்கா, அதுக்கப்புறம் பாருங்க!” முழங்கால் வரை சேறோடு நின்ற மருமகள் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவள் அவள். கொல்லையில் ஒரு மண் அடுப்புக் கட்டி ரொட்டி சுடலாம் என்று அவள் சொன்னபோது, “மண்ணுல வீடு கட்டி விளையாடுற வயசா உனக்கு?” என்று மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். மருமகள் வேலையில் இறங்கினாள். செங்கல்லால் மேடை போட்டாள். அதன்மேல் ஈரமணலைக் கவிழ்த்த பானை மாதிரி குவித்து, நனைத்த செய்தித்தாளை ஒட்டினாள். களிமண்ணையும் வைக்கோலையும் தார்ப்பாயில் கொட்டி மிதித்து, அந்தச் சேற்றைக் கனமாக அப்பினாள். மண் இறுகியதும் முன்பக்கம் வாய் வெட்டி, உள்ளே இருந்த மணலைக் கையாலேயே அள்ளி வெளியே கொட்டினாள்.

நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்த மாமனாருக்கு ஒரே குஷி. “மேஸ்திரி தோத்தான் போ! இந்த வீட்டுல ஒரு ஆணி ஒழுங்கா அடிக்க ஆளில்லாம இருந்துச்சு. இப்பத்தான் ஒருத்தி வந்திருக்கா.”

“அம்மா, இனிமே ரொட்டி டிபார்ட்மெண்ட் இவளோடது. நீ காலை நீட்டி உக்காரு,” என்றான் மகன்.

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். மாமியாருக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

“நல்லாக் காயணும் அத்தை. வெளிய காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும். அவசரப்பட்டுத் தீ வச்சா வெடிச்சிரும். எங்கம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்கல்ல, அன்னைக்குத்தான் முதல் ரொட்டி.”

“எனக்கு எதுக்குடி இதெல்லாம் சொல்ற? நான் அந்தப் பக்கமே போகல.”

மறுநாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், மாமியார் அந்தப் பக்கம் போனாள். அடுப்பின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் சுடச்சுட இருந்தது. இதற்கு மேல் என்ன காயவேண்டும்? எல்லாரும் வீடு திரும்பும்போது மேசைமேல் ஒரு ரொட்டி இருக்கவேண்டும். ‘யார் சுட்டது?’ என்று கேட்கவேண்டும். ‘வேற யாரு, நான்தான்’ என்று அவள் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட விறகையெல்லாம் உள்ளே திணித்துப் பற்றவைத்தாள்.

தீ நெடுநேரம் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். வாயிலிருந்து உச்சி வரை விரிசல் ஓடியது. அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் முன்பாதி அப்படியே நெருப்பின்மேல் சரிந்தது.

சாம்பலை அள்ளினாள். மேடையில் படிந்த கரியைக் கழுவினாள். பிசைந்த மாவைக் குப்பையில் போட்டாள். சாயங்காலம் எல்லாரும் உடைந்த அடுப்பைச் சுற்றி நின்றபோது, யாரும் கேட்பதற்கு முன்பே அவள் வாய் முந்திக்கொண்டது.

“வைக்கோல் பத்தல போல.”

மருமகள் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். துண்டைக் கீழே வைத்தாள்.

“இருக்கும் அத்தை.”

“கடையில மாவு பிசையறது வேற, அடுப்புக் கட்டுறது வேற. சொன்னா கேட்டாத்தானே!” என்றான் மகன்.

“சரி விடுறா. மேஸ்திரிக்கு இன்னைக்குக் கூலி கிடையாது,” என்று மாமனார் சிரித்தார்.

சாப்பாட்டில் மாமியாருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. போதாததற்கு மருமகள் அடுத்த அறையில் போனில் பேசுவது வேறு கேட்டது. “நான்தாம்மா சரியாக் கட்டல... இந்த வாரம் வராதீங்க.” அந்தப் பக்கத்துக் குரலும் தெளிவாகவே வந்தது. “உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை? அந்த வீட்டுல நம்மளப்பத்தி என்ன நினைப்பாங்க?”

காலையில் மருமகள் உடைந்த துண்டுகளைத் தொட்டியில் ஊறப்போட்டாள். அதே மண்ணைக் கரைத்து மறுபடி கட்டப்போகிறாளாம். மாமியார் வலியப்போய் எதிரே உட்கார்ந்து கட்டிகளைப் பிசைந்தாள். வெளிப்பக்கத்து மண் மாவாகக் கரைந்தது. உள்பக்கத்துத் துண்டுகள் கரையவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் ஓட்டுச்சில்லு மாதிரி விரலைக் கிழித்தன.

“அது ஏன்டி கரைய மாட்டேங்குது?” தையற்காரம்மா சுவர்மேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாள். “சுட்ட மண்ணு மாதிரியில்ல இருக்கு!”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்கினார்.

“கல்லு கலந்திருச்சுக்கா. நான்தான் சரியாச் சலிக்கல,” என்றாள் மருமகள், நிமிராமல்.

மாமியார் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

“கல்லு இல்ல. தீ பட்ட மண்ணு. நான்தான் வச்சேன்.”

“என்ன உளர்ற?” என்றார் மாமனார்.

“உளறல. நீங்க யாரும் இல்லாதப்ப மூட்டினேன். முதல் ரொட்டிய நான் சுட்டேன்னு சொல்லிக்கணும்னு இருந்துச்சு.”

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தலை சத்தமில்லாமல் இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மாமியாருக்குக் காது மடல் வரை எரிந்தது.

“உனக்கு நேத்தே தெரியுமாடி?”

“உள்பக்கம் கரியா இருந்துச்சே அத்தை.”

“அப்ப ஏன் வாயத் திறக்கல?”

“நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்.” மருமகள் ஒரு கட்டியை எடுத்து நசுக்கினாள். “அவரு அப்படிப் பேசினப்பவாவது சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். மாமியார் சேற்றுக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“உங்கம்மாவுக்குப் போன் போடு.”

“எதுக்கு? பரவால்ல, விடுங்க.”

“போடு சொல்றேன்.”

மருமகள் எண்ணைப் போட்டுப் போனை அவளிடம் கொடுத்தாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்ததும், “சம்பந்தியம்மா, நான்தான் பேசுறேன்,” என்றாள் மாமியார். போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். மருமகள் போனை வாங்கக் கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை.

“அந்த அடுப்பு... உங்க பொண்ணு நல்லாத்தான் கட்டியிருந்தா.”