ஹால்டேன் வீட்டுப் புல்வெளியில் முதல் பலகை

"நாம தோக்கல! தோக்கவே இல்ல! நம்மள ஏமாத்தியிருக்கானுங்க!"

கோர்டி ஜெலின்ஸ்கி பிக்கப் வண்டியை விட்டு இறங்கும் முன்பே கத்தத் தொடங்கிவிட்டார். டொலீடோ கல்ஸ் அணியின் மைதானத்துக்கு எதிரே இருந்த கார் நிறுத்துமிடம் முழுக்கப் புகை. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு, அடுப்பைச் சுற்றி மஞ்சள் ஜெர்சி போட்ட கூட்டம். மேட்ச் மதியம்தான். ஆனாலும் பாதி ஊர் காலையிலேயே வந்துவிட்டிருந்தது. ஈரி ஏரியிலிருந்து வந்த நவம்பர் காற்று பியர் டின்களைத் தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

எர்ல் ஹேர்ஸ்டன் இடுக்கியால் சாசேஜைப் புரட்டிப் போட்டார்.

"வாடா புரோக்கர். இப்பவே தொண்டையைக் கிழிச்சுக்காதே. மேட்ச்சுக்குக் கொஞ்சம் மிச்சம் வை."

எர்ல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்டி வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்ப்பவர். இருபது வருடமாக மைதானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எர்லின் மனைவி பெர்னிஸுக்கு அடுத்த இருக்கை. மூவரில் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர் பெர்னிஸ்தான். அதை எர்ல் மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அந்த வாரம் டொலீடோவில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அரையிறுதி பற்றி லீக்கின் விசாரணை அறிக்கை வெளியாகியிருந்தது. அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு முறை பந்து நகரும் முன்பும், தடுக்கிற அணி எப்படி நிற்க வேண்டும் என்று கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் கையால் சைகை காட்டுவார். அந்த அரையிறுதியில் கல்ஸ் அணியின் சைகைகளை, பத்திரிகைக்காரன் போல வேஷம் போட்ட ஓர் ஆள் எதிர்ப்பக்கத்திலிருந்து படம் பிடித்திருக்கிறான். இடைவேளையில் எதிரணியான ஹார்ட்ஃபோர்ட் லான்சர்ஸ் அதைப் போட்டுப் பார்த்து எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் பாதியில் இருபது புள்ளி முன்னிலையில் இருந்த கல்ஸ், கடைசி நொடிகளில் ஒரே புள்ளியில் தோற்றது.

"இதுல ஏமாத்து என்ன இருக்கு?" என்றார் எர்ல். "எழுபதாயிரம் பேர் பாக்கற எடத்துல நின்னு கையை ஆட்டிட்டு, நீ ஏன் பாத்தேன்னு கேட்டா எப்படி?"

"கண்ணால பாத்தா சரி. கேமராவுல பிடிச்சா?" என்றார் பெர்னிஸ். "நம்ம சமையல்கட்டு ஜன்னல் தெறந்திருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரன் கேமரா வெச்சா சும்மா இருப்பியா?"

"நீ சமைக்கறதைப் படம் பிடிச்சு அவன் என்ன பண்ணப் போறான், பாவம்?"

"இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு உனக்கு இல்ல. புரியுதா?"

கோர்டிக்குச் சிரிக்க நேரமில்லை. "எர்ல், நீ அறிக்கையைப் படிச்சியா இல்லையா? ரெண்டாவது பாதியில நம்ம ஒவ்வொரு சைகையும் அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்குடா! ஆளுங்க எங்க நிக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரியும். கடவுளே எறங்கி வந்து தடுத்திருந்தாலும் முடிஞ்சிருக்காது!"

"அப்படீன்னா," பெர்னிஸ் ரொட்டியை நடுவில் பிளந்துகொண்டே கேட்டார், "ரஸ் ஹால்டேன் மேல ஒரு தப்பும் இல்லைங்கறே."

கோர்டி, அவர் சாசேஜை வைத்து நீட்டிய ரொட்டியை வாங்கினார்.

ரஸ் ஹால்டேன்தான் அன்றைக்குச் சைகை காட்டிய பயிற்சியாளர். தோற்றுத் திரும்பிய இரவே கோர்டி, தன் தெருமுனையில் விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டின் 'இந்த வீடு விற்கப்படும்' பலகையைப் பிடுங்கி, வண்டியில் போட்டுக்கொண்டு போய் ஹால்டேன் வீட்டுப் புல்வெளியில் நட்டுவிட்டு வந்தார். ஊரைக் காலி பண்ணு என்று அர்த்தம். அந்த லீக்கில் எந்த ஊரிலும் நடக்கிற வேடிக்கைதான். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அதற்கு மறுநாளிலிருந்து ஊரே பலகை கொண்டுவர ஆரம்பித்தது. புல்வெளியில் புல் தெரியவில்லை. அணி நிர்வாகம் ஹால்டேனை வேலையை விட்டு நீக்கியது. கோர்டிக்கு 'புரோக்கர்' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. ஒன்பது வருடமும் அதைப் பெருமையாகச் சுமந்தார்.

"அது வந்து..." கோர்டி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "எர்ல் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. சைகை திருடறது ஆட்டத்துல ஒரு பகுதிதானே. எல்லா டீமும் பண்றதுதான். புத்திசாலியா இருந்தா இடைவேளையில சைகையை மாத்தியிருக்கணும்ல?"

எர்ல் இடுக்கியை ஆட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா! வண்டியில வரும்போது டொலீடோ ஆளு, எறங்கின உடனே ஹார்ட்ஃபோர்டுக்கு வக்கீலா? ஃபீஸ் எவ்வளவுடா?"

"சும்மா இரு."

"நீ இப்ப சொன்னதைத்தான் நான் வாரம் பூரா சொல்றேன். அப்ப என்னை மண்டுன்னியே?"

"எர்ல், விடு," என்றார் பெர்னிஸ். கோர்டியின் முகத்தை அவர் கவனித்துவிட்டார்.

சாசேஜ் ரொட்டி கையில் ஆறிக்கொண்டிருந்தது. கோர்டி ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை. ஏமாற்று என்றால் ஹால்டேன் குற்றமற்றவர். ஏமாற்று இல்லை என்றால் கல்ஸ் தோற்றது நியாயம். இரண்டில் எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. ஆனால் எது அதிகம் உறுத்துகிறது என்பதில் சந்தேகம் இல்லை.

"அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?" என்று மெல்லக் கேட்டார்.

"ஃப்ரீமாண்ட்ல. புல்வெட்டற மெஷின் ரிப்பேர் பண்றாரு," என்றார் எர்ல். "என் மச்சான் அவர்கிட்டதான் குடுப்பான். நல்ல வேலைக்காரர்னு சொல்வான். ஆட்டத்தைப் பத்தி மட்டும் வாயே திறக்கமாட்டாராம்."

கோர்டி டிக்கெட்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில், கடுகு சாஸ் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். "யாருக்காவது குடுத்துடுங்க."

"என்னடா பண்றே? மேட்ச்சை விட்டுட்டா போறே? உன் சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே நீ இடைவேளையிலதானே வந்தே?"

"போகட்டும் விடு," என்று பெர்னிஸ் மறுபடி சொன்னார்.

ஃப்ரீமாண்ட் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஊரே மைதானத்தை நோக்கி வந்துகொண்டிருக்க, அவர் வண்டி மட்டும் எதிர்த்திசையில் போனது. எதிரே வந்த கார்களிலிருந்து, மஞ்சள் தொப்பியைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். வழி தவறிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் போட்டார்.

புல்வெட்டும் மெஷின் ரிப்பேர்காரர் என்று விசாரித்ததும் ஊரில் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது ஹால்டேனின் மனைவி லோர்னா.

"கடை இன்னிக்கு லீவு. மெஷினை வெளியில வெச்சுட்டுப் போங்க. நாளைக்குப் பாப்பாரு."

"மெஷின் இல்லைங்க. நான் டொலீடோவுலேர்ந்து வரேன். அந்த... உங்க பழைய வீட்டு வாசல்ல பலகை நட்டது நான்தான்."

லோர்னா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பலகை? ஐம்பது அறுபது இருந்துச்சே."

"முதல் பலகைங்க."

லோர்னா கதவை முழுதாகத் திறந்தார். பிறகு, "எங்க பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு," என்றார். "ஸ்கூல் பஸ்ஸை விட்டு எறங்கி வந்து, நம்ம வீட்டை வித்துட்டீங்களா, என் நாய்க்குட்டி எங்கன்னு கேட்டா. வீட்டோட சேத்து அதையும் வித்துட்டோம்னு நெனச்சுட்டா." குரலில் கோபம்கூட இல்லை. "ஷெட்ல இருக்காரு. போய் அவர்கிட்டயே சொல்லுங்க."

ஷெட்டில் ஒரு மெஷின் பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஆனால் ரஸ் ஹால்டேன் அதைத் தொடவில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முன்னால் இருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியில் ரேடியோ. மேட்ச் தொடங்கியிருந்தது.

கோர்டி நின்றபடியே சொன்னார். பலகையை எங்கே பிடுங்கினார், எப்படி நட்டார், மறுநாள் பத்திரிகைப் படத்தை வெட்டித் தன் வண்டிக்குள் எப்படி ஒட்டினார், எல்லாம். "உங்க மேல தப்பு இல்லைன்னு இந்த வாரம்தான் தெரிஞ்சுது, கோச். மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வந்தேன்."

ஹால்டேன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்த மேட்ச்சோட கடைசி நொடி ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? ப்ரூயிட் தலைக்கு மேல பந்தைப் போட்டு ஜெயிச்சானுங்க."

"கெலன் ப்ரூயிட். இருபத்திரெண்டு வயசு. முதல் வருஷம்." ஹால்டேன் ஒவ்வொன்றாகச் சொன்னார். "மேட்ச் முடிஞ்சு மைக்கை நீட்டினாங்க. நான் சரியான சைகைதான் காட்டினேன், ப்ரூயிட் நிக்க வேண்டிய எடத்துல நிக்கலைன்னு சொன்னேன். எல்லா சேனல்லயும் போட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

கோர்டிக்கு ஞாபகம் இருந்தது. தடுப்பாட்டக்காரனான ப்ரூயிட் மைதானத்தில் இறங்கும்போதெல்லாம் அடுத்த சீசன் முழுக்கக் கூவிக் கேலி செய்த கூட்டத்தில் அவரும் இருந்தார். அந்தச் சீசனோடு ப்ரூயிட்டை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு எந்த அணியும் சேர்க்கவில்லை.

"அவன் நிக்க வேண்டிய எடத்துலதான் நின்னிருக்கான்," என்றார் ஹால்டேன். "அவன் எங்க நிப்பான்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. என் கையைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்தப் பையன் டிரெஸ்ஸிங் ரூம்ல வந்து, கோச், நான் சரியாத்தான் நின்னேன், நீங்களே பாத்தீங்கல்லனு கேட்டான். நான் பதில் சொல்லாம ஷூ லேஸைக் கழட்டிட்டிருந்தேன்."

"உங்களுக்கு அப்பத் தெரியாதில்ல, கோச்."

"உனக்கும்தான் தெரியாது. அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?"

கோர்டியின் கை, தலையில் இல்லாத தொப்பியைத் தேடியது.

"நாலு நாளா அவன் நம்பரை வெச்சுட்டு உக்காந்திருக்கேன். அலபாமாவுல இருக்கான். ஒவ்வொரு தடவையும் பாதி அழுத்திட்டு நிறுத்திடறேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல." ஹால்டேன் தலையைத் தூக்கினார். "நீ எப்படி ஆரம்பிக்கணும்னு நெனச்சு வந்தே? என் மனைவிகிட்ட என்ன சொன்னே?"

"நான்தான் பண்ணினேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் வரல."

ஹால்டேன் எண்ணை அழுத்தினார். இந்த முறை நிறுத்தவில்லை. மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்த குரல் கோர்டிக்கும் கேட்டது.

"கெலன், நான் ரஸ் ஹால்டேன். அன்னிக்கு உன் மேல பழி போட்டது நான்தான்."

மறுமுனையில் ஒரு டிவி சத்தம். அதே மேட்ச்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது. ரேடியோவில் அது ஒரு நொடி முன்னதாக வந்தது. பிறகு ப்ரூயிட்டின் குரல், அவசரமே இல்லாமல்:

"கோச், மேட்ச் ஓடிட்டிருக்கு. என் பையன் மடியில இருக்கான். முடிஞ்சதும் நான் கூப்பிடறேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

"கூப்பிடுவான்," என்றார் கோர்டி.

"இருக்கலாம்."

"அப்ப நான்... என் விஷயம், கோச்?"

"உனக்கு நான் என்ன சொல்ல முடியும்?" ஹால்டேன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்னு சுலபமா சொல்லிடலாம். சொன்னா, அவனும் என்கிட்ட அதையே சொல்லணும்னு நான் எதிர்பாக்கற மாதிரி ஆயிடும். அவன் என்ன சொல்றான்னு பாப்போம். அதுக்கப்புறம் உனக்குச் சொல்றேன். உக்காரு."

கோர்டி கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டில் உட்கார்ந்தார். லோர்னா இரண்டு கோப்பை காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ரேடியோவில் கல்ஸ் பின்தங்கியது, சமன் செய்தது, கடைசி நிமிடத்தில் ஜெயித்தும்விட்டது. இருவரில் ஒருவரும் கை தட்டவில்லை. மேட்ச்சுக்குப் பிந்தைய பேச்சுகள் தொடங்கின. பயிற்சியாளர் பேசினார், வீரர்கள் பேசினார்கள், விளம்பரங்கள் வந்தன.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. ஹால்டேன் ரேடியோவை அணைத்துவிட்டுப் போனைத் தனக்கும் கோர்டிக்கும் நடுவில், பெஞ்சின் மேல் வைத்தார். அது அடிக்கவில்லை. கோர்டி எழுந்து போகவும் இல்லை.