காய்ச்சிய போத்தல்

ரப்பர் விலை விழுந்த வருஷம் மலாயாத் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லம்மாள் போகவில்லை. புருஷன் காய்ச்சலில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. “நான் இருக்கேன்லக்கா, நீ எதுக்குப் போற?” என்றான் தம்பி நாகையா. அதை நம்பித்தான் கிள்ளானுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள்.

நாகையா பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரில் ஒரு விதைக் கம்பெனியில் பியூனாக இருந்தான். நிரந்தரமில்லாத வேலை. சோயா மொச்சை போட்டால் சீனக் கடைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கம்பெனி விதை கொடுத்தது.

“புது மண்ணுல சும்மா போட்டா சோயா வராதுக்கா. விதையில தடவ ஒரு மருந்து இருக்கு” என்று நாகையா இரண்டு போத்தல் கொண்டுவந்தான். ஒன்று அக்காவுக்கு, ஒன்று பக்கத்து நிலத்து அய்யாவுக்கு. இரண்டிலும் வடிகஞ்சி போலக் கலங்கிய நீர். விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்தார்கள். எலும்புத்தூளும் சாம்பலும் இருவருக்கும் ஒரே அளவு.

ஐந்தாவது வாரம் அய்யாவின் பயிர் கருகருவென்று எழுந்து நின்றது. நல்லம்மாளுடையது வெளுத்து மஞ்சளாகி, முழங்காலைக்கூட எட்டவில்லை. தாலியறுத்த கை, அதுதான் மண் ஏற்கவில்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அய்யாவின் தொழுவத்திலிருந்து மாட்டுச்சாணம் சுமந்து வந்தாள். அன்றைக்கு வந்திருந்த நாகையா கூடையைப் பிடித்து நிறுத்தினான்.

“வேற ஒண்ணும் போடாதேக்கா. சொன்னதை மட்டும் செய்.”

அவன் படித்தவன், தெரியாமலா சொல்வான் என்று சாணத்தை அய்யாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காய் பிடிக்கும் பருவத்தில் கம்பெனித் துரை காரில் வந்தார். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள் இருபது பேரும் கூடினார்கள். துரையோடு வந்த கம்பெனி குமாஸ்தா, கிராணி என்பார்கள், இரண்டு நிலத்திலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். அய்யாவின் செடி வேரில் மிளகு மிளகாக முண்டுகள். நல்லம்மாளின் வேர் மொட்டையாக இருந்தது.

“பாத்துக்குங்க. மருந்து போட்டது இது. இந்தம்மா நிலத்துக்குக் கொடுத்த போத்தலைக் கொதிக்க வச்சு, மருந்துல இருக்குற உயிர்க்கிருமியைச் சாகடிச்சுத்தான் கொடுத்தோம். வித்தியாசம் தெரியணும்லா?”

கூட்டம் தலையாட்டியது. நல்லம்மாள் தம்பியைத் தேடினாள். அவன் காரின் மறுபக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியுமாடா?”

“வேற ஆளு நிலத்துல செஞ்சா சண்டைக்கு வருவாங்கக்கா. நீன்னா...” மென்று விழுங்கினான். “எனக்கு வேலை நிரந்தரமாயிருச்சு. குவாட்டர்ஸ்கூடத் தரேன்னிருக்காங்க.”

“என் கை ஆகாத கைன்னு ஒரு மாசமா அழுதேன். நீ பாத்துக்கிட்டுத்தானே நின்னே?”

துரை ஹாரன் அடித்ததும் ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.

அய்யாவுக்கு ஒன்பது மூட்டை கண்டது. அவளுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. துறைமுகத்துக் கிடங்கில் சாக்குத் தைத்து அந்த மாதங்களைத் தள்ளினாள். அடுத்த விதைப்புக்கு முன்னால் அய்யாவின் வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, அந்த மருந்து மண்ணுலயே தங்கிரும்னு கிராணி சொன்னாரே. உங்க நிலத்து மண்ணு நாலு கூடை வேணும்.”

“நாப்பது கூடை அள்ளிக்க தங்கச்சி. எனக்கும் மனசு ஆறலை.”

வெயில் ஏறுமுன் அள்ளி, ஈரச்சாக்கு போர்த்திச் சுமந்து, விதையோடு கலந்து போட்டாள். ஆறாம் வாரம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரில் முண்டுகள். ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு; மருந்து உயிரோடிருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பு நாகையா வந்தான். கையில் ஒரு போத்தல்.

“இது நிஜமானதுக்கா. சத்தியமா.”

அவள் வாங்கவில்லை. கோபப்படவும் இல்லை. இலை போட்டுச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், குவாட்டர்ஸில் தண்ணி ஒழுங்காக வருதா என்று கேட்டாள். யாரோ தெரிந்த வீட்டு ஆள் வந்தால் விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “ரெண்டு வார்த்தை திட்டேன்க்கா.”

“ரயிலுக்கு நேரமாச்சு” என்றாள் நல்லம்மாள். “பாத்துப் போ.”